கண்ணாடி இருட்டிப்போச்சுன்னா பயப்படாதீங்க: கேமரா கேள்வி பதில்

போன இதழ்ல காவடி அன்னிக்கு நான் என் பழைய ஹாசல்பிளாடைத் தூக்கிட்டு அலைஞ்சதை நாலே வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனைக்கல. ரோஸ் ஹில், வாக்வா, மாயேபூர்னு மொரீஷியஸ் தீவு முழுக்க யார் வீட்டுப் பரண்லயோ ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா (120-னு சொல்ற அகலமான ஃபிலிம் ரோல் போடுறது) தூங்கிட்டு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததை ஒண்ணாச் சேத்துட்டேன். நான் மதுரையில 1983-ல டார்க்ரூம் பையனா சேந்தவன், மகளோட வேலைக்காக இங்க வந்து செட்டில் ஆனவன். புஸ்தகத்துல படிச்சதை விட உடைச்சுக் கத்துக்கிட்டதுதான் அதிகம், அதை மனசுல வச்சுப் படிங்க.

கேள்வி: அண்ணே, நான் எபேன்ல ஐடி வேலை, வீடு க்யூர்பிப். ஆன்லைன்ல ஒரு ஹாசல்பிளாட் 500சி/எம் வாங்கினேன். ஒவ்வொரு படம் எடுத்ததும் வ்யூஃபைண்டர் இருட்டாயிடுது. ஏமாந்துட்டேனோன்னு பயம். அதுபோக நேத்து லென்ஸைக் கழட்டி மாட்டினேன், இப்ப கிராங்க்கும் சுத்த மாட்டேங்குது, பட்டனும் அமுங்கல, லென்ஸும் கழட்ட வரல. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல் விஷயம் ரிப்பேரே இல்ல, அது அந்த கேமராவோட குணம். டிஜிட்டல் எஸ்எல்ஆர்ல கண்ணாடி மேல போய் உடனே இறங்கிடும், 500 வரிசையில அப்படிக் கிடையாது, பக்கத்துல இருக்கிற கைப்பிடியை, அதான் கிராங்க்கை, ஒரு முழுச் சுத்து சுத்தினாத்தான் இறங்கும். நீங்க பட்டனை அமுக்கினதும் உள்ள நடக்கிறது ஒரு சின்ன ஃபேக்டரி: லென்ஸுக்குள்ள இருக்கிற ஷட்டர் முதல்ல மூடும், அப்பர்ச்சர் சுருங்கும், கண்ணாடி மேல போகும், பின்னாடி ரெண்டு கதவு மாதிரி தகடு திறக்கும், அதுக்கப்புறம்தான் லென்ஸ் ஷட்டர் திறந்து மூடி படம் விழும். ‘க்ளாப்’னு கேக்குதே, அதுல பாதிக்கு மேல கண்ணாடி சத்தமும் கதவு சத்தமும்தான். நான் எடுத்த உடனேயே சுத்திடுவேன், கை அதுவாப் போயிடும். ஒரு மாசத்துல உங்களுக்கும் வந்துடும்.

அந்தக் கதவு விஷயம் நீங்க கேக்கல, ஆனா இப்பவே சொல்லிடுறேன், இல்லன்னா அடுத்த கடிதம் அதுக்குத்தான் வரும். பட்டனை விட்டதும் அந்தக் கதவு மூடிக்கும். அரை செகண்ட், ஒரு செகண்ட்னு வைக்கிறப்ப பட்டனை அமுக்கிட்டு உடனே விரலை எடுத்துட்டீங்கன்னா லென்ஸ் இன்னும் திறந்திருக்கும், பின்னாடி கதவு சாத்தியாச்சு, படம் கறுப்பா வரும். சாயங்காலம் லெ மோர்ன்ல நின்னு அலையை ஒரு செகண்ட்ல எடுக்கப் போய் ஒரு ரோல்ல பாதியை நான் அப்படித்தான் கெடுத்தேன். லென்ஸ் ஓடி முடிக்கிற சத்தம் கேக்குற வரைக்கும் விரலை எடுக்காதீங்க, கேபிள் ரிலீஸ் போட்டாலும் அதே கதைதான்.

ரெண்டாவது கதை ஜாம். லென்ஸுக்கு பின்னாடி ஒரு சின்ன ஷாஃப்ட் இருக்கும், நடுவுல திருப்புளி வைக்கிற மாதிரி ஒரு கீறல். பாடியில அதுக்குள்ள போய் உக்கார ஒரு நாக்கு. ரெண்டும் வைண்ட் ஆன, அதாவது கிராங்க் சுத்தி முறுக்கின நிலையில இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு சரியா சேரும். நீங்க லென்ஸைக் கழட்டி வச்சிருந்தப்ப அந்த ஷாஃப்ட்டை யாரோ நோண்டியிருப்பாங்க (வீட்ல குழந்தை இருக்கா?), இல்லன்னா லென்ஸ் இல்லாம பாடியை மட்டும் தட்டிப் பாத்திருப்பீங்க. ஒண்ணு வைண்ட் ஆயிருக்கு, இன்னொண்ணு ஆகல, ரெண்டும் மல்லுக்கட்டி நிக்குது.

பலம் போடாதீங்க. இதுல பல்லு தேயிறதெல்லாம் பலம் போட்டுத்தான். டார்க் ஸ்லைடை (ஃபிலிம் மேல வெளிச்சம் படாம மறைக்கிற தகடு) சொருகி, பின்னாடி மேகசினை (ஃபிலிம் இருக்கிற பெட்டி) கழட்டுங்க. அந்த ரெண்டு கதவையும் விரலால மெதுவாத் தள்ளினா உள்ள கண்ணாடிக்குக் கீழ் பக்கமா ஒரு திருகுத் தலை மாதிரி தெரியும், அதுதான் அந்த ஷாஃப்ட்டோட இந்தப் பக்கம். நீளமான, ஒல்லியான திருப்புளி, முனை மட்டும் அந்தக் கீறலுக்கு சரியா நிரம்புற மாதிரி வேணும், கடிகாரம் சுத்துற பக்கமா, அவசரமே இல்லாம, ‘டக்’னு பூட்டுற வரைக்கும் சுத்துங்க. பூட்டினதும் லென்ஸ் கழண்டு வரும். திருப்புளி தண்டுல ஒரு சுத்து டேப் ஒட்டிக்கோங்க, வழுக்கினா லென்ஸோட பின் கண்ணாடியிலதான் போய் இடிக்கும். கை நடுங்குற ஆளா இருந்தா தொடவே வேண்டாம், மெக்கானிக்கு அனுப்பிடுங்க. கிட்ட வச்சு எடுக்க லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடுறவங்களுக்கும் இதே ஜாம் அடிக்கடி வரும், அதுலயும் அதே மாதிரி ஷாஃப்ட் ஓடுது.

இனிமே ஒரே பழக்கம்: கழட்டுறதுக்கு முன்னாடி வைண்ட், மாட்டுறதுக்கு முன்னாடி வைண்ட் ஆயிருக்கான்னு லென்ஸ் பின்னாடி பாக்கிறது. கீறல் பக்கத்துப் புள்ளிக்கு நேரா இருந்தா சரி.

அப்புறம், ஏமாந்தேனான்னு கேட்டீங்களே, அதுக்கு சீரியல் நம்பர் பாருங்க. முன்னாடி ரெண்டு எழுத்துதான் தயாரிச்ச வருஷம். வி-1, ஹெச்-2, பி-3, ஐ-4, சி-5, டி-6, யு-7, ஆர்-8, ஈ-9, எஸ்-0. ‘யு ஆர்’னு இருந்தா 1978. 500சி/எம் 1970-லதான் வந்துச்சு, அதனால உங்க பாடியில ‘டி’ல ஆரம்பிச்சு 500சி/எம்னு எழுதியிருந்தா மட்டும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, பாப்போம். மேகசினுக்கும் உள்ள இருக்கிற இன்ஸர்ட்டுக்கும் நம்பர் ஒத்துப்போகுதான்னும் பாத்துக்கோங்க, வெளிக்கூடு ஒரு வீடு, உள்ளது ஒரு வீடுன்னு கலந்து கட்டி விக்கிறது சகஜம். ஒத்துப்போகலன்னா வேலை செய்யாதுன்னு இல்ல, படத்துக்குப் படம் இடைவெளி மாறி ஒண்ணு மேல ஒண்ணு ஏற சான்ஸ் இருக்கு.

கேள்வி: ஐயா, நான் ரோஸ் ஹில்ல தமிழ் டீச்சர். எங்கப்பா காரைக்குடியில ஸ்டுடியோ வச்சிருந்தார். அவரோட யாஷிகா மேட் 124ஜி என்கிட்ட இருக்கு. மீட்டர் ஊசி அசையல. பேட்டரி எங்கயும் கிடைக்கல. ஹாசல்பிளாட் மாதிரி பெரிய கேமரா முன்னாடி இதை வச்சு ஏதாவது எடுக்க முடியுமா?

பதில்: அம்மா, என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! தமிழ்நாட்டுல 80-கள்ல நடந்த கல்யாணத்துல கணிசமான ஆல்பம் யாஷிகா மேட்டும் ரோலிகார்டும் மாமியா சி330-ம் எடுத்ததுதான். எங்க முதலாளி யாஷிகாவை எச்சில் தொட்டுத் தொடைச்சு வெள்ளிக்கிழமை சந்தனம் வேற வைப்பார். நெகட்டிவ் சைஸ் ஹாசல்பிளாடும் அதுவும் ஒண்ணுதான், 56க்கு 56 மில்லிமீட்டர்.

பேட்டரி கிடைக்காததுக்குக் காரணம் அது பழைய 1.35 வோல்ட் பாதரச செல், சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு நிறுத்திட்டாங்க. அதே வடிவத்துல இப்ப வர்ற 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டா ஊசி ஆடும், ஆனா பொய் சொல்லும். காது கேக்கிற மிஷினுக்குப் போடுற ஜிங்க்-ஏர் செல் 675-னு பார்மசியில கேளுங்க, அது 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியா வரும், சைஸ் சின்னது, சுத்தி ஒரு ரப்பர் வாஷர் போட்டு உக்கார வைக்கணும். ஸ்டிக்கரை உரிச்சதுல இருந்து காத்துப் பட்டு அது தீந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு மூணு மாசம்னு வச்சுக்கோங்க. அதுக்கும் ஊசி அசையலன்னா மீட்டர் போயிடுச்சு, விட்டுத் தள்ளுங்க, ஷட்டருக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்ல. ஃபோன்ல லைட் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, போதும்.

ஃபிலிம் போடுறதுக்கு முன்னாடி பின்கதவைத் திறந்து ப்ரெஷர் ப்ளேட்டைப் பாருங்க. அதைத் தள்ளினா 12, 24-னு ரெண்டு நிலை. 24 என்கிறது ரெட்டை நீளமான 220 ஃபிலிமுக்கு, அது இப்ப கிடைக்கிறதே அபூர்வம். உங்கப்பா கடைசியா எதுல விட்டாரோ! 12-ல வைங்க.

அந்தக் கேமராவுல எனக்குப் பிடிச்சதே அது சத்தம் போடாததுதான். கண்ணாடி அசையாது, ‘ட்ஸிக்’னு ஒரு சின்ன ஒலி, பக்கத்துல நிக்கிறவருக்கே தெரியாது. குனிஞ்சு பாக்கிறதால யாரும் நம்மளைக் கண்டுக்கவும் மாட்டாங்க. கஷ்டம் ஒண்ணு, நீங்க மேல் லென்ஸ்ல பாக்கிறீங்க, படம் கீழ் லென்ஸ்ல விழுது. ஒரு மீட்டருக்குக் கிட்ட போய் ஒருத்தர் முகத்தை எடுத்தா தலை உச்சி கொஞ்சம் போகும், அதனால பாக்கிறதை விட மேல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க. இடவலம் மாறித் தெரியும், அது எல்லா வெயிஸ்ட் லெவல்லயும் உள்ளதுதான், ஆள் வலது பக்கம் நடந்தா கண்ணாடியில இடது பக்கம் போவார், நீங்களும் தப்பான பக்கம் திருப்புவீங்க. வீட்ல ஃபிலிம் இல்லாம நடக்கிறவங்க பின்னாடி ஒரு வாரம் திருப்பிப் பழகுங்க.

செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீங்க. பழைய டைமர் பாதி வழியில நின்னுட்டா ஷட்டரையும் சேத்துப் பூட்டிடும்.

கேள்வி: நானும் என் நண்பனும் பந்தயம். அடுத்த வருஷக் காவடிக்கு ஒரு மீடியம் ஃபார்மட் வாங்கணும். அவன் பென்டாக்ஸ் 67 என்கிறான், நான் மாமியா ஆர்பி67 என்கிறேன். நீங்க ஹாசல்பிளாட் என்பீங்க. சரியா? (காத்ர் போர்ன்)

பதில்: பந்தயக் காசுல எனக்குப் பாதி குடுங்க.

காவடின்னு சொன்னதால அதை வச்சே பாப்போம். ஜனவரி கடைசி, பிப்ரவரி வெயில், உச்சி. காவடி எடுக்கிறவர் தலைக்கு மேல பூவும் மயில் இறகும் வளைஞ்சு நிக்குது, முகம் பூரா நிழல், அலகு குத்தின கன்னம் நிழல்ல, பின்னாடி பிங்க் வேட்டியும் வானமும் பளீர்னு எரியுது. அந்த முகத்துக்கு கொஞ்சம் ஃப்ளாஷ் குடுத்தாத்தான் கண்ணு தெரியும்.

ஐஎஸ்ஓ 100 ஃபிலிம். வெயிலுக்கு 1/125, எஃப் 16. பென்டாக்ஸ் 67-ல ஃபிலிமுக்கு நேர் முன்னாடி ஓடுற ஃபோகல் ப்ளேன் ஷட்டர், துணி, பெரிசு, ஃப்ளாஷ் 1/30-லயோ அதுக்கும் மெதுவாவோதான் சிங்க் ஆகும், அதாவது ஷட்டர் முழுசாத் திறந்திருக்கிறப்ப எரியும். 1/30-க்கு எஃப் 32 வேணும், பல லென்ஸ்ல அது கிடையாது. லென்ஸுக்குள்ளயே ஷட்டர் வச்ச ரெண்டு லீஃப் ஷட்டர் லென்ஸ் தனியா விட்டிருக்காங்க, 90-ம் 165-ம், அதைத் தேடிப் பிடிக்கணும், இல்ல வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டு மல்லுக்கட்டணும். ஹாசல்பிளாட்ல ஷட்டர் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளயும் இருக்கு, 1/500 வரைக்கும் எந்த ஸ்பீடுலயும் ஃப்ளாஷ் சேரும். 1/500, எஃப் 8, சின்ன ஃப்ளாஷே போதும், முகம் வரும் வானமும் நிக்கும். ஆர்பி67-லயும் லென்ஸ் ஷட்டர்தான், 1/400 வரைக்கும். உங்க நண்பருக்கு இந்த ஒரு பத்தியைக் காட்டுங்க.

பென்டாக்ஸ் கெட்ட கேமரான்னு சொல்லல. கண் மட்டத்துல புடிச்சு பெரிய எஸ்எல்ஆர் மாதிரி எடுக்கலாம், 105 எஃப் 2.4 லென்ஸ்ல எடுத்த போர்ட்ரெயிட்டைப் பாத்தா எனக்கே கை அரிக்கும். ஆனா 6 வோல்ட் பேட்டரி தீந்தா ஷட்டரே விழாது. மீட்டர் ப்ரிஸம் உள்ளதுன்னா ப்ரிஸத்தை முதல்ல மாட்டிட்டு அப்புறம்தான் லென்ஸை மாட்டணும், மாத்திச் செஞ்சா உள்ள இருக்கிற சின்னச் சங்கிலி கொக்கி சேராது, மீட்டர் தப்பு சொல்லும், நீங்க ரோல் கழுவுற வரைக்கும் தெரியாது.

ஆர்பி67-க்கு பேட்டரியே வேண்டாம், இரும்பு மாதிரி உழைக்கும், நெட்டுக்குப் படம் வேணும்னா கேமராவைச் சாய்க்காம பின்பக்கத்தை மட்டும் சுத்தினாப் போதும், ஆர்பின்னா ‘ரிவால்விங் பேக்’, பேருக்கே அர்த்தம் அதுதான். ஆனா லென்ஸோட ரெண்டரை கிலோவுக்கு மேல. ஸ்டுடியோவுல ஸ்டாண்டுல உக்கார வைக்கிற சாமான் அது. ஆத்தங்கரையில இருந்து கோவில் வரைக்கும் கூட்டத்தோட நடந்து, கோர் தெ கார்ட் மலைப்படியும் ஏறணும்னா, வேலோட உங்களையும் சேத்துத் தூக்க ஆள் வேணும். பெல்லோஸ்ல ஃபோகஸ் பண்றதால கிட்டப் போகப் போக வெளிச்சம் குறையும், பக்கத்துல போட்டிருக்கிற கோட்டைப் பாத்து அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டணும். பாடிக்கு ஒரு லீவர், ஃபிலிமுக்குத் தனி லீவர், ரெண்டும் தனித்தனியா தள்ளணும், அது பழகிடும்.

நான் ஹாசல்பிளாட்தான் சொல்றேன், ஆனா ஷார்ப்னெஸ்ஸுக்காக இல்ல. மூணுமே நம்ம கண்ணுக்குத் தேவையானதை விட ஷார்ப்பு. நாம இருக்கிறது தீவு. எனக்கு இங்க கிடைச்ச ரிப்பேர்காரர் டிஜிட்டல் மட்டும்தான் தொடுறார், என் லென்ஸ் ஷட்டர் மெதுவானப்ப மெட்ராஸ் போற சொந்தக்காரர் சூட்கேஸ்ல வேட்டிக்குள்ள சுத்தி அனுப்பி, அது திரும்பி வர நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் பாடி, மேகசின், ரெண்டாவது லென்ஸ் மூணும் என்கிட்ட வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஏன்னா எல்லாம் தனித்தனிப் பெட்டி, ஷட்டர் கெட்டா அந்த ஒரு லென்ஸ்தான் படுக்கும். ஆர்பியிலயும் அப்படித்தான், அதனால எடை தாங்குற தோள் இருந்தா உங்க கட்சியும் தப்பில்ல. பென்டாக்ஸ்ல ஷட்டர் பாடிக்குள்ள, அது படுத்தா மொத்தமும் படுக்கும். இங்க கேமரா வாங்கினா அது எப்படிக் கெடும்னு பாத்துத்தான் வாங்குவேன்.

கேள்வி: இந்தியா போய்ட்டு வர்றப்ப 120 ஃபிலிம் வாங்கிட்டு வந்தேன். ஏர்போர்ட் எக்ஸ்ரேல போச்சு. கெட்டுப்போயிருக்குமா? (ஃப்ளாக்)

பதில்: பழைய மாதிரி கைப்பை மிஷின்ல ஒரு தடவை, ரெண்டு தடவை போன 100, 400 ஃபிலிமுக்கு பெரிசா ஒண்ணும் ஆகாது. புதுசா வர்ற சிடி ஸ்கேனர்தான் வில்லன், லேப்டாப்பை வெளிய எடுக்க வேண்டாம்னு சொன்னாங்கன்னா பெரும்பாலும் அதுதான், அதுல ஒரு தடவை போனாலே படம் புகை மூட்டம் மாதிரி மங்கிடும். ஃபிலிமை ஒரு கண்ணாடிப் பையில தனியாப் போட்டு சிரிச்ச முகமா கையால செக் பண்ணச் சொல்லிக் கேளுங்க. செக்-இன் பெட்டியில மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீங்க.

கேள்வி: க்யூர்பிப்ல வருஷத்துல முக்காவாசி நாள் மழையும் மூட்டமும். லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வந்துடுச்சு. அரிசிக்குள்ள வைக்கச் சொல்றாங்க, நாப்தலின் உருண்டை போடச் சொல்றாங்க. எது சரி? (அதே ஊர்ல இருந்து மூணு பேர் கேட்டது)

பதில்: ரெண்டும் வேண்டாம். அரிசி மாவுத்தூள் ஃபோகஸ் பண்ணச் சுத்துற மரையில, அதான் ஹெலிகாய்டுல, போய் உக்காரும், நாப்தலின் ஆவி கண்ணாடியிலயும் கிரீஸ்லயும் படியும். பூச்சிக்குப் போடுறது பூஞ்சைக்கு என்ன பண்ணும்!

அது பூஞ்சைதான். ஆரம்பத்துல மேல படிஞ்சிருந்தா பிரிச்சுத் தொடைச்சா போயிடும், நாளாச்சுன்னா அது விடுற அமிலம் கோட்டிங்கை அரிச்சிடும், அப்புறம் தொடைச்சாலும் அதோட கோலம் அப்படியே நிக்கும். டார்ச்சை பின்னாடி இருந்து சாய்வா அடிச்சுப் பாருங்க. ஓரத்துல மட்டும் ரெண்டு இழைன்னா படத்துல ஒண்ணும் தெரியாது, எடுத்துக்கிட்டே இருங்க. நடுவுல பரவியிருந்தா சூரியனைப் பாத்த படம் எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெளிறும்.

முதல் வேலை, அந்தத் தோல் கேஸைத் தூக்கிப் போடுங்க. அப்பா ஞாபகமா இருந்தா தனியா வைங்க, கேமராவோட வேண்டாம். தோல் ஈரத்தைக் குடிச்சு வச்சு ராத்திரி முழுக்க லென்ஸுக்கு ஊட்டும். சோத்து டப்பா விக்கிற கடையில ரப்பர் வாஷர் வச்ச பெரிய டப்பா கிடைக்கும், அதுல கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், ஊசி 40-க்கும் 50-க்கும் நடுவுல நிக்கணும். ரொம்பவும் காய வைக்காதீங்க, 30-க்குக் கீழ போனா எண்ணெயும் தோலும் காயும். ஜெல் நிறம் மாறினா ஓவன்ல 120 டிகிரியில ரெண்டு மணி நேரம், திரும்ப புதுசு. நீல ஜெல் வாங்காதீங்க, அதுல கோபால்ட் இருக்கு, குழந்தைங்க இருக்கிற வீட்ல ஆரஞ்சு வாங்குங்க.

மதுரை ஸ்டுடியோவுல இதெல்லாம் எங்க? பீரோவுக்குள்ள ஒரு ஜீரோ வாட் பல்பு, ராப்பகலா எரியும், அந்தச் சின்னச் சூடு ஈரத்தை அண்ட விடாது. முதலாளி சாகுற வரைக்கும் அவர் லென்ஸ்ல ஒரு இழை வந்ததில்ல. இன்னைக்கும் அது வேலை செய்யும், ஃபிலிமை மட்டும் அந்த பீரோவுல வைக்காதீங்க.

எல்லாத்தையும் விட நல்ல மருந்து, எடுத்து உபயோகிக்கிறது. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வெயில்ல வச்சு ஒரு செகண்ட்ல இருந்து 1/500 வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீடுக்கும் பத்து தடவை தட்டுங்க. சும்மாவே கிடந்தா மெதுவான ஸ்பீடுதான் முதல்ல ஒட்டும்.

ஃபிலிமுக்கும் ஈரம் ஆகாது. 120-ல ஃபிலிமுக்குப் பின்னாடி ஒரு காகிதம் ஓடுதே, அதுல அச்சடிச்ச நம்பரும் எழுத்தும் வானத்துல நிழலா விழுந்த கேஸ் எல்லாம் உண்டு, சில வருஷத்துக்கு முன்னாடி சில பேட்ச்ல அப்படி வருதுன்னு கோடாக் தரப்பே ஒத்துக்கிட்டாங்க, சூடும் ஈரமும் சேந்தா அது கூடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ரோலை உடனே பிரிக்காதீங்க, வேர்க்கும், ரெண்டு மணி நேரம் கவரோட வெளிய விடுங்க. எடுத்து முடிச்சதும் சீக்கிரம் கழுவ அனுப்புங்க.

கேள்வி: என் ஹாசல்பிளாட் படத்துல ஒரே ஓரத்துல வெள்ளைக் கோடு, சில படத்துல இருக்கு, சில படத்துல இல்ல. (வாக்வா)

பதில்: மேகசின்ல டார்க் ஸ்லைட் போற பொந்துக்குள்ள ஒரு பட்டை ஸ்பாஞ்சும் மெல்லிசான தகடும் இருக்கு, வெளிச்சத்தைத் தடுக்க. அது நாளாக ஆக அமுங்கிப் போயிடும், ஸ்பாஞ்சு மாவா உதிரும். ஸ்லைடு வெளிய இருந்தப்ப வெயில்ல எவ்வளவு நேரம் நின்னீங்களோ அதைப் பொறுத்து கோடு வரும், வராது. கிட் விக்கிறாங்க, ரெண்டு மூணு குட்டித் திருகுதான், சாப்பாட்டு மேஜையில வெள்ளைத் துணி விரிச்சு நீங்களே மாத்தலாம். அதுவரைக்கும் பொந்து மேல ஒரு துண்டு கறுப்பு டேப். ஸ்லைடைச் சொருகுறப்ப ஒரு மூலையை முன்னாடி விட்டுச் சாய்ச்சு தள்ளாதீங்க, நேரா, முழு அகலமும் ஒரே நேரத்துல உள்ள போகணும்.

டேப் ஒட்டியும் கோடு வந்தா ரோல்தான் தளர்ந்திருக்கு. வெளிய எடுத்ததும் நிழல்ல திரும்பி நின்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஒட்டுங்க, நாக்கால தொடுற பசை சில கம்பெனிக்கு, உரிச்சு ஒட்டுறது சில கம்பெனிக்கு. தப்பான ரோலை நக்கிட்டு முழிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

கேள்வி: ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் வாங்கினா இந்தத் தலைவலியெல்லாம் இல்லையே? அதுவும் மீடியம் ஃபார்மட்தானே? (போர்ட் லூயிஸ்)

பதில்: பேரு அதுதான். சென்சார் 43.8க்கு 32.9, ஃபுல் ஃபிரேமை விடப் பரப்புல 1.7 மடங்கு. 6x6 ஃபிலிம் ஃபுல் ஃபிரேமை விட 3.6 மடங்கு. கணக்கு இவ்வளவுதான், மீதியை நீங்களே போட்டுக்கோங்க. கல்யாணம், விளம்பரம்னு காசுக்கு எடுக்கிறவர்னா கண்ணை மூடிட்டு ஜிஎஃப்எக்ஸ் வாங்குங்க, 100எஸ்-ல 102 மெகாபிக்சல், கை நடுக்கத்துக்கு பாடியிலயே ஸ்டெபிலைசர். அதுக்கும் அதோட தலைவலி உண்டு, ஃப்ளாஷ் சிங்க் 1/125, சத்தமில்லா எலெக்ட்ரானிக் ஷட்டர்ல ஓடுறவர் வளைஞ்சு வருவார், எல்இடி லைட்டுக்குக் கீழ பட்டை பட்டையா விழும். ஹார்ட் டிஸ்க் வாங்க இன்னொரு சம்பளம் எடுத்து வைங்க.

கேள்வி: ஐயா, போன வருஷம் மலைக்கோவில் படியில என் மகன் காவடி எடுத்து வந்தப்ப நீங்க குனிஞ்சு ஒரு டப்பாவுக்குள்ள பாத்து ஒரே ஒரு படம் எடுத்தீங்க. வேண்டுதல் காவடி. பால்கூட திரியாம போய்ச் சேந்துச்சு. அந்தப் படம் வந்துச்சா? (ஒரு அம்மா, காத்ர் போர்ன்)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை ரெண்டு வாரம் மேஜையில வச்சுக்கிட்டே இருந்தேன்.

வந்துச்சு, ஆனா தனியா வரல. என்ன ஆச்சுன்னா, அன்னிக்கு என்கிட்ட ரெண்டு மேகசின், ஒண்ணுல கலர், ஒண்ணுல கறுப்பு வெள்ளை. பாடியில ஒரு சின்ன ஜன்னல், மேகசின்ல ஒரு சின்ன ஜன்னல். எடுத்து முடிச்சா ரெண்டும் சிவப்பு, வைண்ட் பண்ணினா ரெண்டும் வெள்ளை. மேகசினை மாத்துறப்ப ரெண்டும் ஒரே நிறமா இருக்கணும். பாடி சிவப்பு, மேகசின் வெள்ளைன்னா ஒரு படம் வெத்தாப் போகும், பரவால்ல. பாடி வெள்ளை, மேகசின் சிவப்புன்னா ஏற்கனவே எடுத்த படத்து மேலயே அடுத்த படம் விழும்.

உங்க மகன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கலர்ல ஒரு படம் எடுத்துட்டு, சுத்தாமலே அவசரத்துல மேகசினைக் கழட்டி கறுப்பு வெள்ளையை மாட்டினேன். கிராங்க்கைச் சுத்தினதும் அதுல ஒண்ணு வெத்தா ஓடிடுச்சு. அப்புறம் படிக்கட்டு திருப்பத்துல அந்தப் பிங்க் வேட்டியைப் பாத்ததும் இதுக்குக் கலர்தான்னு திரும்ப மாத்தினேன். ஜன்னலைப் பாக்கல. நாப்பது வருஷம் அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தவன், பாக்கல.

அதுக்கு முன்னாடி நான் எடுத்தது படியோரம் இருந்த தேங்காய்க் கூடை. இப்ப அந்த நெகட்டிவ்ல உங்க மகன் முகம் இருக்கு, கண்ணு மூடியிருக்கு, கன்னத்துல அலகு, தோள் மேல காவடி வளைவு, எல்லாம் இருக்கு, அதுக்கு ஊடால ஒரு கூடை தேங்காயும் இருக்கு. ஒரு தேங்காய் சரியா நெத்தியில.

அதைப் பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன், எட்டுக்கு எட்டு இன்ச்சுல. குப்பையில போட மனசு வரல. உங்களுக்கு வேணும்னா குடுக்கிறேன், வேண்டாம்னா கோவிச்சுக்க மாட்டேன். வர்ற காவடிக்கு உங்க மகன் திரும்ப எடுக்கிறார்னா அதே திருப்பத்துல ஏழு மணிக்கே வந்து நிக்கிறேன், ஒரே மேகசின், கலர் மட்டும், மாத்தவே போறதில்ல. காசு வேண்டாம். முடிஞ்சதும் வாழையிலையில செத் கறி (ஏழு கறி) போடுவீங்களே, அதுல ஒரு இலை போதும்.